தண்டனையை எதிர்க்க இரு வழிகள்: நேரடி மேல்முறையீடும் 2255 மனுவும்

அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒருவர் அனுமதியின்றி மீண்டும் அங்கே நுழைவது, அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 1326-ஆம் பிரிவின்படி கூட்டாட்சிக் குற்றமாகும். இதற்கான உச்சத் தண்டனை பொதுவாக 2 ஆண்டுகள். நாடுகடத்தப்படுவதற்கு முன் பெருங்குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டிருந்தால் அது 10 ஆண்டுகளாகவும், சட்டம் மிகக் கடுமையானவை எனப் பட்டியலிட்டுள்ள குற்றங்களில் ஒன்றானால் 20 ஆண்டுகளாகவும் உயரும். பெரும்பாலானோர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவதால், எஞ்சும் வழக்காடல் தண்டனையின் அளவைப் பற்றியதாகவே இருக்கும். அங்கே மேல்முறையீடா, தண்டனை விதித்த நீதிமன்றத்திடமே அதை ரத்து செய்யவோ திருத்தவோ கோரும் 2255-ஆம் பிரிவு மனுவா என்பதை, தவறு எங்கே நிகழ்ந்தது என்ற கேள்வியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தவறு வழக்குப் பதிவேட்டிலேயே தெரியுமானால் மேல்முறையீடுதான் வலுவான வழி. இதற்குச் சிறந்த சான்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு மறுநுழைவு வழக்கு. தண்டனை விதிக்குமுன் நீதிமன்றத்துக்காக நன்னடத்தை அதிகாரி தயாரித்த அறிக்கையில், டெக்சாஸில் பெற்ற ஒரே பழைய தண்டனை இருமுறை எண்ணப்பட்டிருந்தது. அதனால் 70 முதல் 87 மாதங்கள் என்றிருக்க வேண்டிய வழிகாட்டு வரம்பு (தண்டனை வழிகாட்டு விதிகள் பரிந்துரைக்கும் சிறைக்கால எல்லை) 77 முதல் 96 மாதங்களாகி, 78 மாதச் சிறை விதிக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றத்தில் குற்றவாளியின் வழக்கறிஞர்கூட இதைக் கவனிக்கவில்லை. ஆட்சேபம் எழுப்பாத பிழைகளைத் திருத்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தயங்குவது வழக்கம். ஆயினும் இத்தகைய கணக்குப் பிழையைப் பொதுவாகத் திருத்தியே ஆக வேண்டும் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. கூட்டிக் கழித்தால் தெரியும் பிழைக்கு உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்ததே என்ற வியப்பு எனக்கு இன்றும் உண்டு.

இந்த வழியின் கெடு கடுமையானது: தீர்ப்பு பதிவானதிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் விசாரணை நீதிமன்றம் மேலும் 30 நாட்கள்வரை தரலாம். மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பும் மேல்முறையீடு செய்யாதவரை மேல்நீதிமன்றம் தானாகத் தண்டனையை உயர்த்த முடியாது என்பது 2008-லேயே முடிவாகிவிட்டது. குற்ற ஒப்புதலையே திரும்பப் பெறக் கோருவது மட்டும் வேறு கதை: அதில் வென்றால், ஒப்புதலுக்காகக் கிடைத்த சலுகைகளும் கைநழுவக்கூடும்.

2255 மனு, பதிவேட்டில் இல்லாதவற்றுக்கானது. வழக்கறிஞர் தவறான அறிவுரை தந்தார், சாதகமான ஆவணத்தைத் தேடவே இல்லை என்பன போன்ற புகார்களுக்குப் புதிய சான்றுகள் தேவை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை ஏற்பதில்லை. தீர்ப்பு இறுதியானதிலிருந்து ஓராண்டு அவகாசம் இருப்பதால் இது தாராளமான வழி போலத் தோன்றும். ஆனால் பொதுவாக, தண்டனை விதித்த அதே நீதிபதியே மனுவையும் விசாரிப்பார். அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை மேல்முறையீட்டில் இருப்பதுபோல் இங்கே இல்லை. இரண்டாவது மனுவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். வழிகாட்டு வரம்புக் கணக்கில் நேர்ந்த பிழையை மட்டும் சொல்லி இங்கே வெல்வது மிக அரிது.

எல்லையோர மாவட்டங்களில், குற்றத்தை விரைவாக ஒப்புக்கொள்வோருக்கான விரைவுத் திட்டத்தின்கீழ் தண்டனைக் குறைப்புப் பெறுவோர், பதிலாக மேல்முறையீட்டு உரிமையைத் துறந்து கையெழுத்திடுவதும் உண்டு. அப்படியிருந்தும் மேல்முறையீடு செய்யுமாறு கட்சிக்காரர் தெளிவாகச் சொன்ன பிறகு வழக்கறிஞர் அறிவிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால், அதனால் பாதிப்பு நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இழந்த மேல்முறையீட்டை மீட்கவும் 2255 மனுவே வழி.

தண்டனை குறுகியதாக இருந்தால் இரண்டு வழிகளுமே சுருங்குகின்றன. காவலில் அல்லது விடுதலைக்குப் பிந்தைய மேற்பார்வையில் இருக்கும்போதே 2255 மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். நாடுகடத்தப்படவிருப்பவர்களுக்கு அந்த மேற்பார்வையைச் சாதாரணமாக விதிக்க வேண்டாம் என்று வழிகாட்டு விதிகளே சொல்கின்றன. ஆகவே பத்து மாதச் சிறை பெற்றவருக்கு ஓராண்டு அவகாசம் என்பது காகிதத்தில் மட்டுமே. மேல்முறையீடு முடியுமுன் சிறைக்காலமும் முடிந்துவிடக்கூடும் என்பதால், அவர் 14 நாட்களுக்குள் அறிவிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, விசாரணையை விரைவுபடுத்தக் கோருவதே சரி. வாதம் தேறாது என்று தெரிந்தால் பின்னர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.