கடனா, கூட்டுச் சந்தாவா, பொதுக் கிடங்கா? சட்ட நூலகங்கள் சேர்ந்து செய்யக்கூடியவை

ஒரே வட்டாரத்தில் நாலைந்து சட்டக் கல்லூரி நூலகங்கள் இருந்தால் எல்லாவற்றிலும் அதே தீர்ப்புத் தொகுப்புகள், அதே டேட்டாபேஸ் சந்தா, அலமாரியின் மேல் தட்டில் அதே தூசி. சேர்ந்து செய்தால் மிச்சமாகுமே என்று யாராவது கூட்டத்தில் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். சேர்ந்து எதைச் செய்வது என்று கேட்டால்தான் பேச்சு நாலு திசையில் போகும். புத்தகங்களைக் கடன் கொடுத்து வாங்கலாம், டேட்டாபேஸுக்குக் கூட்டாகச் சந்தா கட்டலாம், ஆளுக்கொரு துறையைப் பிரித்துக்கொண்டு வாங்கலாம், பழைய தொகுப்புகளை ஒரே கிடங்கில் வைக்கலாம்.

இந்த நாலையும் எடைபோடுவதற்கு முன்னால் சட்ட நூலகத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரே வட்டாரம் என்றால் பெரும்பாலும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றங்கள். அதனால் எல்லோருக்கும் வேண்டிய அடிப்படை நூல்களும் ஒன்றேதான், வேண்டிய நேரமும் ஒன்றேதான். மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றம்) போட்டி அறிவித்த வாரத்தில் ஒரு குறிப்பிட்ட தொகுதியை எல்லாக் கல்லூரி மாணவர்களும் தேடுவார்கள். அன்றைக்கு யார் யாருக்குக் கடன் கொடுப்பது? அன்றாடம் புரட்டும் நூல்களைப் பகிர முடியாது. வெளிநாட்டுச் சட்டம், பழைய சட்டம், வருடத்துக்கு ஒருவர் கேட்கும் நூல், இப்படி ஓரத்தில் கிடப்பதைத்தான் பகிர முடியும்.

கடன் கொடுத்து வாங்குவது மிகப் பழைய வழி, தொடங்கச் செலவும் குறைவு. ஆனால் சட்டப் புத்தகம் நாவல் மாதிரி அச்சடித்ததோடு முடிந்துபோவதில்லை. நான் பார்த்த ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆய்வாளர் ஒருவருக்காக வேறொரு நூலகத்திடம் ஒரு சட்ட விளக்க நூலின் ஓர் அத்தியாயத்தைக் கேட்டோம். சுத்தமாக ஸ்கேன் செய்து இரண்டே நாளில் அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அவர் மேற்கோள் காட்டியிருந்த பிரிவு எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது. அந்தத் திருத்தம் பின்னட்டையின் உள்பக்கப் பையில் செருகி வைக்கும் இணைப்பில் இருந்தது. நாங்கள் கேட்டது அத்தியாயத்தை, அவர்கள் அனுப்பியதும் அதைத்தான். யாரைக் குறை சொல்ல? அதற்கப்புறம் எங்கள் கோரிக்கைப் படிவத்தில் ஒரு வரி கூடியது: ‘பின்னட்டைப் பையில் இருப்பதையும் சேர்த்து ஸ்கேன் செய்யவும்.’ பக்கங்களைக் கழற்றி மாற்றும் லூஸ்லீஃப் தொகுப்புகளில் இது இன்னும் மோசம். கடனாகப் போன நேரத்தில் புதிய பக்கங்கள் வந்து சேர்ந்தால் எந்தப் பைண்டரில் செருகுவது?

பதிப்புரிமைப் பயமும் உண்டு. கனடாவில் டொரண்டோவின் ஆஸ்குட் ஹால் சட்ட நூலகம், கேட்ட வழக்கறிஞர்களுக்குத் தீர்ப்புகளை நகலெடுத்துத் தபாலிலும் ஃபேக்ஸிலும் அனுப்பி வந்தது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2004-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தீர்ப்போடு பதிப்பகம் சேர்க்கும் சுருக்கங்களுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனாலும் நூலகம் செய்தது நியாயமான பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டது. எல்லா நாட்டிலும் இவ்வளவு தாராளம் கிடையாது. அமெரிக்காவில் 1970-களில் வந்த வழிகாட்டுதல்படி, ஓர் இதழின் கடைசி ஐந்து ஆண்டு வெளியீடுகளிலிருந்து வருடத்துக்கு ஐந்து கட்டுரை நகல் வரை மற்ற நூலகங்களிடம் கேட்டு வாங்கலாம். ஆறாவது வேண்டுமென்றால் பணம் கட்டுங்கள் அல்லது சந்தா போடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

கூட்டுச் சந்தாதான் எல்லோருக்கும் பிடித்த யோசனை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து சட்ட நூலகங்கள் 1983-லேயே நெல்கோ என்ற கூட்டமைப்பைத் தொடங்கிவிட்டன. பத்து நூலகங்கள் தனித்தனியாகப் போய் நிற்பதைவிட ஒரே ஆளாகப் போனால் விற்பனையாளர் நாற்காலி போட்டுப் பேசுவார், அது உண்மை. அப்புறம் பங்கு பிரிக்க உட்கார்ந்தால் உறவு கசக்கும். மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்தால் பெரிய கல்லூரி முணுமுணுக்கும், சமமாகப் பிரித்தால் சின்னக் கல்லூரி வெளியேறும். இரண்டையும் கலந்து ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கணக்கு என்று வைப்பதுதான் ஓரளவு நிற்கிறது.

என் குறை பணத்தைப் பற்றியது அல்ல. சந்தா என்பது வாடகை. வாடகை நின்ற அன்றைக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான், இருபது வருடம் கட்டியிருந்தாலும் சரி. அதோடு பெரிய வணிக டேட்டாபேஸ்களின் கல்வி உரிமம் பொதுவாக அந்தந்தக் கல்லூரியின் மாணவர், ஆசிரியரோடு நின்றுவிடும். கடவுச்சொல்லைப் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுக்க முடியாது. கூட்டாக வாங்குகிறோமே தவிர எதையும் பகிர்வதில்லை. இந்த வித்தியாசத்தைக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடங்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள்: பிற நூலகத்துக்கு நகல் அனுப்பலாமா, சந்தா நின்ற பிறகு கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் கையில் இருக்குமா.

ஆளுக்கொரு துறை என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும். நீங்கள் கடல் சட்டம் வாங்குங்கள், நாங்கள் வரிச் சட்டம் வாங்குகிறோம் என்று பேசிக்கொள்வார்கள். அமெரிக்க ஆய்வு நூலகங்கள் ஃபார்மிங்டன் திட்டம் என்ற பெயரில் வெளிநாட்டு நூல்களை இப்படிப் பங்கு போட்டு வாங்கின. 1948-ல் தொடங்கியது, 1972-ல் முடிந்தது. பட்ஜெட் இறுகும்போது எவரும் முதலில் வெட்டுவது தன் வாசகர் கேட்காத நூலைத்தான். அடுத்த ஊர்க்காரருக்காக வாங்குவதாகச் சொன்ன வாக்கு அந்த வெட்டில் போய்விடும். கடல் சட்டம் நடத்திய பேராசிரியர் ஓய்வுபெற்றால் போதும், அந்த அலமாரி அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டுச் சட்டத்துக்கு மட்டும் இதைச் சின்ன அளவில் முயலலாம். அதற்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

நாலாவதான பொதுக் கிடங்கில் கவர்ச்சி எதுவும் இல்லை, என் ஓட்டு அதற்குத்தான். சட்ட இதழ்களின் பழைய பக்கங்கள் ஹெயின்ஆன்லைன் போன்ற தளங்களில் படமாகக் கிடைக்கத் தொடங்கியதும் நூலகங்கள் அச்சுப் பிரதிகளைக் கழிக்க ஆரம்பித்தன. தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நூலகத்தின் முடிவும் சரிதான். ஆனால் எல்லா நூலகமும் ‘மற்றவர்களிடம் இருக்கும்’ என்று நினைத்துக் கழித்தால் யாரிடமும் இருக்காது. நெல்கோவும் சட்டத் தகவல் பாதுகாப்புக் கூட்டணியும் சேர்ந்து 2013-ல் பாம்பிரிண்ட் என்ற பொது அச்சுச் சேகரிப்பைத் தொடங்கியது இதற்காகத்தான். அதற்கு முன்பே, 1976-ல், சட்ட நூலகங்கள் கூடி எல்எல்எம்சி என்ற அமைப்பைத் தொடங்கி, நைந்துபோன பழைய நூல்களை மைக்ரோஃபிஷில் (பக்கங்களைச் சின்னதாக்கிப் பதியும் ஃபிலிம் தகடு) எடுத்தன. பின்னால் அது டிஜிட்டலுக்கு மாறியது. ஸ்கேன் செய்த மூல நூல்கள் கான்சஸில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குள் இருக்கின்றன. ஈரமும் பூச்சியும் எட்டாத இடம்.

அதனால் என் வரிசை தலைகீழானது: முதலில் கிடங்கு, அதோடு கடன், ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிய பிறகு சந்தா. முதல் கூட்டத்துக்குச் சந்தா பில்லை எடுத்து வரவேண்டாம், கழிக்கப்போகும் தொகுதிகளின் பட்டியலை எடுத்து வாருங்கள் என்பேன். அதைச் சரிபார்க்கவே ஒரு பருவம் போகும். 1 முதல் 60 வரை இருப்பதாகக் கேட்டலாக் சொல்லும், அலமாரியில் போய்ப் பார்த்தால் 37 இருக்காது.