புதுக் கேபிளுக்குப் பணம் கொடுத்தேன், சுவருக்குள் இருந்தது பழையதுதான்

வீட்டில் டிவி, இன்டர்நெட் கேபிளை மாற்றப் போகிறவர்கள், வேலை செய்தவரிடம் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 14,500 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது ஒவ்வொரு முனையிலும் சில முழம் புதுக் கேபிள் மட்டுமே.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், 2004-இல் கட்டியது. அப்போது டிவிக்காகச் சுவருக்குள் போட்டது ஆர்.ஜி.59 கேபிள். இப்போது கேபிள்காரர் அதே கம்பியில்தான் இன்டர்நெட்டும் தருகிறார். மகள் மாடி அறையில் இருந்தபடி வேலை பார்க்கிறாள். அந்த மெல்லிய பழைய கேபிளை எடுத்துவிட்டு, சிக்னல் இழப்பு குறைவான ஆர்.ஜி.6 போட முடிவு செய்தோம். தெரிந்தவர் சொல்லி ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை உடைக்க வேண்டாம், பைப் வழியாகவே இழுத்துவிடலாம் என்றார். நான்கு பாயின்ட், 100 மீட்டர் கேபிள், கூலி எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. வேலை நடந்த அன்று நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வீட்டில் அம்மா மட்டும்தான். "பிள்ளை வேர்க்க விறுவிறுக்க உழைக்கிறான்" என்று இரண்டு முறை காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை தொடங்கியது. டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மோடத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரியும். முக்கியமான ஒரு மீட்டிங்கில் மகளின் இணைப்பு மூன்று முறை அறுந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை.

கேபிள்காரர் மீட்டரோடு வந்தார். தெருவிலிருந்து கம்பி நுழையும் இடத்தில் அளந்தார்: +2 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அளவு). மாடியில் அளந்தார்: -17. இந்த அளவு பூஜ்யத்தை ஒட்டி இருப்பதே நல்லது, -15-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும். "சார், இருபது மீட்டர் புது ஆர்.ஜி.6-இல் நான்கு டெசிபல் போகும். சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் மூன்றரை போகும். மீதிப் பதினொன்றரை எங்கே போகிறது?" என்றார். மூன்று டெசிபல் குறைந்தாலே சிக்னலில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு அவர் செய்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ச்சை அடித்து, கேபிளின் மேல்தோலில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார். நல்ல கேபிள்களில் மீட்டருக்கு ஒரு முறை வரிசையாக எண் போட்டிருப்பார்கள். வாசல் முனையில் 61 என்று இருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். 63. இடையே இருபது மீட்டர் தூரம் இருக்க, எண் இரண்டுதான் நகர்ந்திருந்தது. ஒரே சுருளில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகள்!

சுவரில் இருந்த பிளேட்டைக் கழற்றினோம். உள்ளே புதுக் கேபிளின் நடுக்கம்பியையும் பழையதின் நடுக்கம்பியையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கனெக்டர் கிடையாது. பழைய கேபிளின் பின்னல் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இந்தக் கேபிளில் நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் எங்கும் விடாமல் வர வேண்டும். அது விட்டுப்போன இடத்தில் சிக்னல் மோதித் திரும்பும், வெளியிலிருந்து இரைச்சலும் புகும். சுவரில் மழை ஈரம் ஊறினால் கேட்கவே வேண்டாம். நான்கு பாயின்ட்டிலும் இதே கதைதான்.

எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தேன். "சார், பைப் அடைத்திருந்தது. உடைத்தால் உங்கள் பெயின்ட் போய்விடுமே என்றுதான்..." என்று இழுத்தார். "தம்பி, அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. போடாத 100 மீட்டருக்கு ஏன் பணம் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

ஆகவே இரண்டு முனைகளிலும் எண்களைப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிளேட்டை மூடும் முன் உள்ளே பாருங்கள். எத்தனை மீட்டர் இழுத்தார்களோ அத்தனைக்கு மட்டும் பணம் கொடுங்கள். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. இரும்புக் கம்பிக்குத் தாமிரப் பூச்சு போட்ட கேபிள் இந்த வேலைக்குச் சாதாரணமாகப் பயன்படுவதுதான், உயர் அலைவரிசைச் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. ஆனால் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில் போவதால், நீண்ட தூரத்துக்கு முழுத் தாமிரம் நல்லது.

முக்கியமாக, பெயரும் முகவரியும் உள்ள பில் வாங்குங்கள். என்னிடம் இருப்பது பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டுதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் யாரிடம் கொடுத்தேன் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டுமே.

போன வாரம் வேறொருவர் வந்தார். பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தார். எங்கும் தடுக்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. பைப்பில் அடைப்பு ஏதும் இல்லை. மாடி அறைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே இப்போது மீட்டர் காட்டுவது -5.5.