"மைனஸ் 10 டிகிரி, 900 கிராம்" ஸ்லீப்பிங் பேக்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பனிக்கால ட்ரெக்கிங்குக்காக லைட்வெயிட் சாமான்கள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சமூக வலைத்தள விளம்பரத்தைப் பார்த்து நான் வாங்கிய ஒரு ஸ்லீப்பிங் பேக், போன ஜனவரியில் என் அக்கா மகளை உத்தரகண்டின் கேதார்காந்தா மலைப்பாதையில் பாதி ராத்திரி நடுங்க வைத்தது. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பலன் இருக்காது. அதே பையை இப்போது வேறு பெயரில், வேறு பக்கத்தில் விற்கிறார்கள். அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

விளம்பரத்தில் இருந்தது இது: "அல்ட்ராலைட் டவுன் ஸ்லீப்பிங் பேக், 800 ஃபில் பவர், மைனஸ் 10 டிகிரி, 900 கிராம்." டவுன் என்றால் வாத்துத் தூவி, ஃபில் பவர் அதன் தரத்தைச் சொல்லும் எண், இரண்டையும் பின்னால் விளக்குகிறேன். விலை 6,499 ரூபாய். பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன், அந்த மைனஸ் 10 என்பது கம்ஃபர்ட் கணக்கா, அதாவது அந்தக் குளிரில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று. "ஆமா சார், கம்ஃபர்ட்தான். லடாக்குக்கே நம்ம பேக்தான் சார் போகுது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று மனுவில் முதல் இணைப்பே அதுதான்.

அடுத்து டெலிவரி. "நாலு நாளில் வந்துவிடும்" என்றவர்கள் இழுத்துக்கொண்டே போனார்கள். போன் செய்தால் கூரியரைக் குறை சொன்னார்கள். பார்சல் கைக்கு வந்தது நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு. திருப்பி அனுப்ப ஏழு நாள் கெடு. கேதார்காந்தாவுக்கு டேராடூன் போய், அங்கிருந்து ஏற்றம் தொடங்கும் சாங்கிரி கிராமம் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் மலைச்சாலையில் பயணித்து, ஏறி இறங்கி ஊர் திரும்புவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். முதலில் இதைத் தற்செயல் என்றுதான் நினைத்தேன். இதே கடையில் வாங்கிய வேறு இரண்டு பேரிடம் பேசிய பிறகு அப்படித் தோன்றவில்லை. எல்லோரிடமும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: "எப்போ சார் ட்ரெக்?"

கேதார்காந்தா 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி. சாங்கிரியிலிருந்து ஏறினால் பெரும்பாலோர் முதல் இரவு தங்குவது ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே. அந்த இடம் 9,000 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஜனவரியில் குளம் உறைந்து கிடக்கும், ராத்திரி குளிர் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே இறங்கும். புதுப் பையை அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டு நான் என் பழைய இரண்டு கிலோ சிந்தெடிக் பைக்குள் படுத்தேன். அவள் சுமை குறையட்டும் என்றுதான் இந்த லைட்வெயிட் பையே வாங்கினோம். நடுநிசியைத் தாண்டியிருக்கும், பக்கத்திலிருந்து குரல் வந்தது: "மாமா, கால் மரத்துப்போச்சுங்க. உள்ளுக்குள்ள காத்து வர்ற மாதிரியே இருக்குதுங்க."

டார்ச் அடித்துப் பார்த்தால் பற்கள் அடித்துக்கொள்கின்றன, உதடு வெளுத்திருக்கிறது. தெர்மல், ஃப்ளீஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். "என் பைக்குள்ள வந்துடு கண்ணு" என்று இடம் மாற்றினேன். வழிகாட்டியை எழுப்பினேன். அவர் காலுறையை மாற்றச் சொல்லி, வெந்நீரை பாட்டிலில் நிரப்பி அவள் தொடைகளுக்கு நடுவே வைக்கச் சொன்னார். தன்னிடமிருந்த கூடுதல் பை ஒன்றையும் மேலே போர்த்திவிட்டார். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. இதுவே இன்னும் மேலே, காற்று அடிக்கும் முகாமில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிச்ச இரவு அந்தப் புதுப் பைக்குள் நானே படுத்தேன். தையல் ஓடும் இடங்களிலெல்லாம் உடம்பின் குறுக்கே கோடு கோடாகக் குளிர் இறங்கியது. மொபைல் டார்ச்சைத் துணியின் ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பார்த்தேன். தையல்களுக்கு நடுவே உள்ள பல அறைகளில் உள்ளே இருந்ததெல்லாம் ஒரு மூலையில் திரண்டு கிடந்தது. மீதி இடத்தில் வெளிச்சம் அப்படியே ஊடுருவி வந்தது. அதாவது அந்த இடங்களில் எனக்கும் பனிக்கும் நடுவே இருந்தவை இரண்டு மெல்லிய நைலான் துணிகள் மட்டுமே. மேல்துணியையும் உள்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிட்டால் தையல் கோட்டில் எந்த நிரப்பும் நிற்காது. கடுங்குளிருக்கான நல்ல பைகளில் இரண்டு துணிகளுக்கும் நடுவே சிறு தடுப்புச் சுவர் வைத்து, பெட்டி பெட்டியாகத் தைத்திருப்பார்கள். மைனஸ் 10 என்று விற்கும் பையில் நேர்த்தையல் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஊர் வந்ததும் கால்மாட்டில் ஓரத் தையலை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்தேன். டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பக்கத்து மென்தூவி, அதற்கு நடுத்தண்டு கிடையாது. கையில் எடுத்தால் கனமே தெரியாது, அமுக்கிவிட்டால் மெல்ல உப்பி எழும். என் பையிலிருந்து வந்தது மலிவுத் தலையணைகளில் இருக்கும் வெள்ளைப் பாலியஸ்டர் பஞ்சு. நடுநடுவே தண்டோடு உடைந்த இறகுத் துண்டுகள், தடவிப் பார்க்கும் வாங்குபவரை நம்பவைக்க. கொஞ்சம் பஞ்சை இடுக்கியில் பிடித்து, வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டினேன். நிஜ இறகு முடி கருகும் வாடையோடு எரிந்து சாம்பலாக உதிரும். இது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். சமையலறைத் தராசில் பை 1,380 கிராம் காட்டியது. கேட்டதற்கு, "900 கிராம்ங்கிறது ஸ்மால் சைஸ் சார்" என்றார்கள். அந்தப் பக்கத்தில் சைஸ் என்று ஒன்று குறிப்பிடப்படவே இல்லை.

சரி, அந்த மைனஸ் 10? திரும்பத் திரும்பக் கேட்டபின் வந்த பதில்: "அது சர்வைவல் ரேட்டிங் சார்." இந்தத் துறையில் ஏமாற்றுவதற்கு இருக்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்லீப்பிங் பைகளைச் சோதிக்க ஐரோப்பியத் தரம் ஒன்று இருந்தது, ஈ.என். 13537. இப்போது ஐ.எஸ்.ஓ. 23537 என்ற பெயரில் இருக்கிறது. சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் வைத்து ஆய்வகத்தில் அளக்கிறார்கள். அதிலிருந்து ஒரே பைக்கு மூன்று முக்கிய எண்கள் கிடைக்கும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்துக் குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிர் தாங்கும் கணக்கு, கடைக்காரர் சொன்ன "சர்வைவல்" இதுதான். தூக்கம் வராது, உடல் விறைத்துப்போகும் ஆபத்தும் உண்டு. கம்ஃபர்ட்டுக்கும் எக்ஸ்ட்ரீமுக்கும் நடுவே 15 முதல் 20 டிகிரி வரைகூட இடைவெளி இருக்கும். எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10 என்று சொல்லும் பை, பிளஸ் 8, 9 டிகிரியிலேயே ஒரு பெண்ணுக்குப் போதாமல் போகலாம். கொடைக்கானலில் சாதாரண டிசம்பர் இரவுக்கான பையைப் பனிமலைக்கு என்று விற்கிறார்கள். என் பை எந்த ஆய்வகத்தையும் கண்டதில்லை, அதனால் அந்த எக்ஸ்ட்ரீம் எண்கூட அவர்களாகவே போட்டுக்கொண்டது.

ஃபில் பவரும் இப்படித்தான். ஒரு அவுன்ஸ் டவுன், அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். 800 என்றால் உயர்தரம். ஆனால் அது டவுனின் தரத்தைத்தான் சொல்கிறது. உள்ளே எவ்வளவு டவுன் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு ஃபில் வெயிட் என்று தனி எண் உண்டு. 800 ஃபில் டவுன் 200 கிராம் மட்டும் போட்டால் அது மைனஸ் 10-க்கு ஆகாது. அந்தக் குளிருக்கு 600 கிராமை ஒட்டி வேண்டும். நேர்மையான நிறுவனங்கள் ஃபில் வெயிட்டைத் தனியாகவே அச்சிடுகின்றன. எங்கே அந்த எண் இல்லையோ அங்கே சந்தேகப்படுங்கள். 900 கிராமில் அந்த அளவு குளிரைத் தாங்கும் பைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் செய்கின்றன, விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். எடை குறைவு, வெப்பம் அதிகம், விலை மலிவு என்று மூன்றையும் ஒரே பையில் தருகிறேன் என்பவர் ஏதோ ஒன்றில் பொய் சொல்கிறார். என் விஷயத்தில் இரண்டில்.

அதே பக்கத்தில் "20,000 எம்.ஏ.எச்., வெறும் 180 கிராம்" என்று ஒரு பவர் பேங்கும் விற்கிறார்கள். நல்லவேளை அதை வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பவர் பேங்குக்குள் இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று 3,000 எம்.ஏ.எச். கொடுக்க 45 கிராமாவது எடை இருக்கும். 20,000-க்கு ஏழு செல் வேண்டும், செல் மட்டுமே 300 கிராமைத் தாண்டிவிடும். 180 கிராமில் அது முடியாது. இந்தியாவில் விற்கும் பவர் பேங்கில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்தாக வேண்டும், படத்திலேயே அதைக் காட்டச் சொல்லுங்கள். டென்ட் விற்பவர்களிடமும் "எடை" என்றால் எது என்று கேளுங்கள். முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துணியையும் கம்பியையும் மட்டும் எடைபோட்டுச் சொல்வது சகஜம்.

புகார் விஷயம். "பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு பாதிப் பணம் தருவதாகவும், பதிலுக்கு நான் போட்ட விமர்சனத்தை நீக்க வேண்டும் என்றும் செய்தி வந்தது. மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் புகார் தளம் வழியாக ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, பார்சல் வந்த தேதி, தராசுப் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அன்றே படம் பிடித்துவிடுங்கள், என் புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்திலிருந்து "மைனஸ் 10" மாயமாகிவிட்டது.

புதிதாக மலையேறப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பனிப்பயணத்துக்குப் பை வாங்கவே வேண்டாம். சாங்கிரியிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. கனமாக இருக்கும், துணி கொஞ்சம் அழுக்காகவும் இருக்கும், உள்ளே ஒரு லைனர், அதாவது மெல்லிய உள்ளுறை, போட்டுக்கொண்டால் போதும். அடியில் விரிக்கும் மேட்டிலும் கவனம் வையுங்கள். பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடும், தரைக்குளிரைத் தடுப்பது மேட்தான். எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்ல ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. சாதாரண ஃபோம் மேட் 2-ஐ ஒட்டி வரும், பனித்தரைக்கு 4-க்கு மேல் தேடுங்கள் அல்லது இரண்டு ஃபோம் மேட்டை அடுக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் மலைகளில் மட்டும் தங்குகிறவர்களுக்கு, ஜனவரியில் ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா, அவலாஞ்சி போலப் பூஜ்யத்தைத் தொடும் இடங்களைத் தவிர, கம்ஃபர்ட் 5 டிகிரி என்று தெளிவாக அச்சிட்ட பை ஒன்று தாராளம்.

என்னிடம் வந்த பைக்கு அடையாளம் இது: கரும்பச்சை மேல்துணி, ஆரஞ்சு உள்துணி, நேர்த்தையல், கழுத்துப் பக்கம் குளிர்காற்று புகாமல் தடுக்கும் பஞ்சுக் குழாய் இல்லை, லேபிளில் வெறும் "-10°" மட்டும். இறக்குமதியாளர் பெயரோ ஃபில் வெயிட்டோ எங்கேயும் இல்லை. இப்படி ஒன்று உங்கள் அலமாரியில் இருந்து டிசம்பரில் கிளம்பவும் போகிறீர்கள் என்றால், இன்றைக்கு ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு இன்னும் பாக்கி இருக்கிறதா என்று ரசீதையும் எடுத்துப் பாருங்கள். இதே கடையால் ஏமாந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், என் மனுவின் நகலைத் தருகிறேன், உங்கள் ஊரில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.