டிரான்ஸ்ஃபர்மார்க்ட்: வதந்தியைச் சலிக்க நல்ல சல்லடை

கால்பந்துக் கிளப்கள் வீரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்துவிட்டால் போதும், நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் ‘ஆர்வம் காட்டுகிறது’, ‘கண்காணித்து வருகிறது’ என்றே ஓடிவிடுகிறது. யார் சொன்னது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற விவரம் பல செய்திகளில் இருப்பதே இல்லை. அந்தக் குறையைப் பெருமளவு தீர்ப்பது 2000இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட டிரான்ஸ்ஃபர்மார்க்ட் என்ற இணையதளம்.

வதந்தி கண்ணில் பட்டதும் தளத்தில் அந்த வீரரின் பக்கத்தில் ஒப்பந்தம் முடியும் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால், ஃபிஃபா விதிப்படி அவர் வெளிநாட்டுக் கிளப்போடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடலாம். பிரெஞ்சு வீரர் எம்பாப்பே 2024இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனது டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல்தான். அடுத்து, வாங்கப்போவதாகச் சொல்லப்படும் அணியில் அதே இடத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பாதி வதந்தி அங்கேயே உதிர்ந்துவிடும். சம்பளப் பேச்சு நடக்கும் நேரத்தில் ‘பெரிய கிளப் ஆர்வம்’ என்று வந்தால், ஏஜென்ட் தரப்பிலிருந்து கசிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பலரும் ஏமாறுவது, தளம் ஒவ்வொரு வீரருக்கும் காட்டும் சந்தை மதிப்பில். அது பயனர்களின் விவாதத்திலிருந்து எடுக்கும் மதிப்பீடு, விலைச்சீட்டு அல்ல. 2017இல் நெய்மாரை வாங்க பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி கொடுத்த 222 மில்லியன் யூரோ, பழைய கிளப்புடனான அவரது ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை; அதைக் கொடுத்தால் வீரரை விட்டுவிட வேண்டும். சந்தை மதிப்பு அதைச் சொல்லியிருக்காது.

கிளப் அதிகாரியிடம் நேரில் கேட்டு உறுதிப்படுத்தும் நிருபரின் வேலையை மட்டும் இந்தத் தளத்தால் செய்ய முடியாது. அதற்கு இன்னும் நல்ல நாளிதழ்தான் வேண்டும்.