திருவல்லிக்கேணி மேன்ஷனா, மதுரை வீடா?

கல்லூரி முடித்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் முன்னால் இரண்டு வழி நிற்கிறது. சென்னையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, பகுதிநேர வேலைகளோடு படிப்பது. நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

சென்னையில் வேலை பார்ப்பவர்கள் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் திருவல்லிக்கேணி மேன்ஷனில், பக்கத்து அறையிலும் ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். அது பெரிய தெம்பு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சொக்கும். சம்பளத்தில் பாதி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும்.

மதுரையில் வாடகை இல்லை, அம்மா சமையல். நத்தம் சாலையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தபின் நூலகக் குறையும் தீர்ந்தது. காலையில் ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் டியூஷன், முகூர்த்த நாளில் பந்தி பரிமாறும் வேலை. நடுவில் 11 மணி முதல் 4 மணி வரை முழுசாக நம்முடையது. குரூப் 4 கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகத்தை ஒட்டியே வருவதால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சமூக அறிவியல் நமக்கும் படிப்புதான்.

வலி வேறு இடத்தில் இருக்கிறது. சாம்பார் வாளியோடு நிற்கும்போது, இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமா, "என்ன மாப்ள, இன்னும் வேலை அமையலையா?" என்பார். அன்று இரவு படிப்பு ஓடாது.

இருந்தாலும், படிக்க ஒரு மொட்டைமாடியாவது இருந்தால் ஊருக்கே போகச் சொல்வேன். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்குச் சென்னைதான் சரி. ஏனென்றால் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பந்தி வேலை இருக்காது, கோடை விடுமுறையில் டியூஷனும் நின்றுவிடும்.