குன்னூரில் கையால் பார்க்கிற ஒரு பிசியோதெரபி கிளினிக்

பெட்போர்டு பக்கம் மாடியில் இருக்கிற சின்ன பிசியோதெரபி கிளினிக் எப்படி என்று தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். படுத்துக்கொண்டு கரண்ட் வைத்து, ஒத்தடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. இங்கே நாம் காசு கொடுப்பது பிசியோதெரபிஸ்ட் மேடம் நம்மைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்க்கிற அந்த அரைமணி நேரத்துக்குத்தான்.

எனக்கு வலது தோள்பட்டை. கை முதுகுப் பக்கம் போகாது, சீப்பு பிடிக்க முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் தூக்கம் போச்சு. முதலில் கீழே கோயம்புத்தூரில் ஒரு பெரிய இடத்துக்குப் போனேன். தோளில் கைகூட வைக்காமல் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்து, கரண்ட் சிகிச்சைக்குப் பேக்கேஜ் என்று முன்பணமும் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே நான் ஸ்வெட்டரைக் கழற்றும்போதே பரிசோதனை ஆரம்பித்துவிட்டது. எந்தக் கையை முதலில் உருவுகிறேன், தோளைக் காதுப் பக்கம் தூக்குகிறேனா என்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். இடது கை தாராளமாகப் போனது, வலது கை கொஞ்சம் போய் நின்றுவிட்டது. "நீங்க கையைத் தளர விடுங்க சார், நான் திருப்பறேன்" என்று அவரே திருப்பினார், தாழ் போட்ட கதவு மாதிரி அதே இடத்தில் நின்றது. நாமாகத் தூக்க முடியவில்லை, ஆனால் அடுத்தவர் தூக்கினால் கை போகிறது என்றால் பெரும்பாலும் தசைநார்ப் பிரச்சினை; யார் அசைத்தாலும் போகவில்லை என்றால் மூட்டைச் சுற்றியிருக்கிற உறையே இறுகியிருக்கலாம், அதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி நிற்கும் என்பதால் ஒரு எக்ஸ்ரே போதும், எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

அடுத்த கேள்வி, சுகர் இருக்கா? இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சாதாரணமாகவே அதிகம் வரும். டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளலாம், வலி குறையும், ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும், அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டதற்கு, நாள் கணக்கு இல்லை சார், மாதக் கணக்கு, சிலருக்கு வருடம் தாண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இது எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் விரலால் ஏறுவது, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, குச்சி பிடித்துத் திருப்புவது என்று வீட்டுப்பாடம்தான் முக்கால்வாசி சிகிச்சை. இப்போது சீப்பு பிடிக்கிறேன், முதுகு சொறிய இன்னும் முடியவில்லை.

அப்புறம் அம்மாவைக் கூட்டிப்போனேன், முட்டி வலி. முட்டிக்குக் காட்டப் போனால் இடுப்பைத் திருப்பிப் பார்க்கிறாரே என்று அம்மா முறைத்தார். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் சிலருக்கு வலி முட்டியில்தான் தெரியுமாம், அதைக் கழித்துவிட்டுத்தான் முட்டிக்கே வந்தார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார், முட்டிக்கு மேலே அழுத்திச் சில்லைத் தட்டி நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தார். எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது, ஆனால் படத்தில் தெரிகிற தேய்மானத்துக்கும் வலிக்கும் எப்போதும் கணக்கு ஒத்துப்போகாது, தொடைச் சதையைப் பலப்படுத்தினால் வலி குறையும் என்றார். நம்ம ஊரில் ஏற்றத்தைவிட இறக்கம்தானே முட்டியைக் கொல்லும், அதற்கு உருப்படியாக ஒன்று சொன்னார்: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். அம்மா இத்தனை காலம் தடியை வலிக்கிற பக்கமே பிடித்திருந்தார், ஒருத்தரும் சொல்லவில்லை.

காத்திருக்கும்போது பார்த்தேன், எஸ்டேட் ஆட்கள் நிறைய வருகிறார்கள். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஒரு அண்ணனுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி. மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி மேடம் கீழே அழுத்தினார், அண்ணன் "ஐயோ" என்றார், விஷயம் முடிந்தது. டென்னிஸ் எல்போவாம், டென்னிஸ் மட்டையை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இன்னொருவர் முட்டி சிவந்து வீங்கி, காய்ச்சலோடு வந்தார். அவருக்குப் பயிற்சி, ஒத்தடம் எதுவும் கொடுக்காமல், காசும் வாங்காமல், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆட்டோ பிடித்து அனுப்பினார். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் தாமதிக்கவே கூடாதாம்.

குறைகளும் உண்டு. முட்டி வலிக்காரர்கள் வருகிற இடத்துக்கு அந்தச் செங்குத்தான மாடிப்படி யார் யோசனையோ தெரியவில்லை, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். பயிற்சியை ஒரு தாளில் படம் வரைந்து தருகிறார், அந்தக் கிறுக்கல் வீட்டுக்கு வந்தால் புரியாது, போனில் வீடியோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள், விடுவார். மழைக்காலத்தில் கரண்ட் போனால் இருக்கிற ஒரே மெஷினும் ஓடாது. வண்டி நிறுத்த இடம் கிடையாது.

முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்து 300. ஜிபே உண்டு, கார்டு இல்லை. சனிக்கிழமை போகாதீர்கள், உட்காரவே இடம் இருக்காது. மற்ற நாளில் மதியம் மூன்று மணிக்குப் போன் செய்துவிட்டுப் போனால் நிதானமாகப் பார்ப்பார்.