சித்தூர் ஆற்றுக்கு அடியில் குழாய்: பொள்ளாச்சிக் குழுவின் வேலை எப்படி?

கிணறு ஒரு கரையிலும் தோப்பு மறுகரையிலுமாக நிலம் வைத்திருப்பவர்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, மூலத்தறை வட்டாரத்தில் பலர் உண்டு. குழாய் பதிக்க ஆட்கள் எளிதில் கிடைக்கிறார்கள். ஆற்றின் குணம் அறிந்து பதிப்பவர்கள்தாம் அரிது. எங்கள் தோப்புக்காரர்கள் சிலர் கூட்டாகச் செலவிட்டு, உரிய அனுமதி பெற்று, ஆற்றுக்கு அடியில் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் பதித்தோம். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் ஒப்பந்தக் குழு அந்த வேலையைச் செய்து கொடுத்தது. வெள்ளம் வந்து வடிந்த பிறகும் குழாய் இடம் பெயராமல் இருப்பதால் இப்போது துணிந்து எழுதலாம்.

அதே இடத்தில் முன்பு வேறோர் ஒப்பந்ததாரர் பதித்த குழாய் மணலுக்குள் மூன்றடிகூட இறங்கியிருக்கவில்லை. பெருவெள்ளத்தில் படுகையின் மேற்பரப்பு மணல் தண்ணீரோடு சேர்ந்தே நகரும் என்பதை அவர் கணக்கில் கொள்ளாததால், மணல் அரித்தவுடன் குழாய் நடு ஆற்றில் அந்தரமாகத் தொங்கி, மிதந்து வந்த மரங்கள் மோதி முறிந்தது. புதிய குழு செய்த முதல் வேலையே அரிப்பின் ஆழத்தை மதிப்பிட்டதுதான். வெள்ள நீரின் அளவையும் மணலின் பருமனையும் கொண்டு ஆற்றுப் படுகை அரிப்பைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் லேசி சூத்திரத்தின்படி ஆழத்தைக் கணக்கிட்டு, அதற்கும் கீழே குழாய் போகும்படி பள்ளம் எடுத்தார்கள். பாறை குறுக்கிட்ட இடத்தில் மேலே ஏற்றிவிடாமல், பிரேக்கர் வைத்துப் பாறையை உடைத்துக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். கரையை அடைந்ததும் குழாயை மேலே வளைக்கவும் இல்லை. ஆறு பக்கவாட்டிலும் தின்னும் என்பதால், கரையைத் தாண்டிப் போதிய தூரம் அதே ஆழத்தில் கொண்டுசென்ற பிறகே மேலெழச் செய்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்குக் கூடுதல் கூலி கொடுக்கலாம்.

ஹெச்.டி.பி.இ. தண்ணீரைவிட இலேசானது. நாங்கள் வாங்கிய பி.இ. 100 ரகக் குழாயின் சுவர்க்கனம் 6.6 மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோதான் எடை. அதே ஒரு மீட்டர், நீரில் முழுக மூழ்கினால் 9.5 கிலோ நீரை விலக்கும். ஆகவே மோட்டாரை நிறுத்திக் குழாய் காலியாக இருக்கும்போது, மீட்டருக்கு 7.5 கிலோ விசை அதை மேலே தள்ளும். மணல் குழம்பிவிட்டால் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. எனவே இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 40 கிலோ கான்கிரீட் எடைக்கட்டையைப் பூட்டி, கட்டைக்கும் குழாய்க்கும் இடையே ரப்பர் ஷீட் வைத்தார்கள்.

ஜாயிண்ட் போட்ட விதத்தை அருகில் நின்று பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சூட்டுத் தட்டை ஆற்றிவிடும் என்பதால் தார்ப்பாய் கட்டி மறைத்தார்கள். குழாயின் மறுமுனையைக்கூட மூடி போட்டு அடைத்தார்கள். இரு முனைகளையும் சீவி, சுமார் 220 டிகிரிச் சூட்டில் உருக்கி அழுத்தியபோது, சுற்றிலும் ஒரே அளவான இரட்டை விளிம்பு பிதுங்கி வந்தது. ஓரிடத்தில் விளிம்பு ஒரு பக்கம் தடித்துப்போகவே, யாரும் சொல்லாமலேயே அதை அறுத்தெறிந்து மறுபடி ஒட்டினார்கள். ஆறும் வரை அழுத்தத்தைத் தளர்த்தவோ தண்ணீர் ஊற்றவோ இல்லை.

சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தத்தில் ஓட வேண்டிய குழாயை 9 கிலோவில் சோதித்தார்கள். தொடக்கத்தில் அழுத்தமானியின் முள் இறங்கியதைக் கண்டு நாங்கள் பதறியபோது, பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் சற்று விரிவடையும், அதைக் கசிவு என்று கொள்ளக் கூடாது என்று விளக்கி, மீண்டும் நீரேற்றி முள் நிலைத்து நிற்பதைக் காட்டினார்கள்.

பள்ளம் வெட்டாமல் துளைத்துக் கொண்டுசெல்லும் முறையும் உண்டு. 1971இல் கலிபோர்னியாவின் பஹாரோ ஆற்றில் தொடங்கிய அந்த முறைதான் பெரிய எரிவாயுக் குழாய்களுக்கு ஏற்றது. எங்களுடையது போன்ற சிறு குழாய்க்கு அந்த இயந்திரத்தின் வாடகையே கட்டுப்படியாகாது. ஆற்றில் நீர் குறைந்த கோடையில், மணக்கடவு தடுப்பணை வழியே தமிழ்நாடு நீர் திறந்துவிடும் நாட்களை விசாரித்துத் தவிர்த்து வெட்டியதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

குறை பராமரிப்பில்தான். இரு கரையிலும் கேட் வால்வும் தாழ்வான இடத்தில் கழிவு வால்வும் வைத்தவர்கள், வால்வுத் தொட்டியை ஓர் ஆள் குனிந்து ஸ்பேனர் திருப்ப முடியாத அளவுக்குக் குறுகலாகக் கட்டிவிட்டார்கள். குழாய் கிடக்கும் ஆழத்தைக் காட்டும் வரைபடத்தைப் பலமுறை கேட்டபின்தான் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் குழாயை உலோகம் தேடும் கருவி காட்டாது. கருவியால் இடத்தைக் கண்டறிவதற்காகக் குழாயோடு செம்புக் கம்பி ஓட்டியிருந்தும், அதன் முனை எந்தத் தொட்டியில் இருக்கிறது என்பதை எழுதித் தரவில்லை. வெள்ளம் வடிந்ததும் படுகை மட்டத்தை அளந்து, குழாயின் மேல் எவ்வளவு மணல் மிச்சம் என்று பார்க்கும் வேலையும் ஒப்பந்தத்தில் இல்லாததால், கரையில் அடையாளக் கல் நட்டு அதை நாங்களே செய்துவருகிறோம்.

இவர்களை அழைப்பவர்கள் வரைபடம், வால்வுத் தொட்டியின் அளவு, வெள்ளத்திற்குப் பிந்தைய ஆய்வு ஆகிய மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.